கேட்கக் கூடாத கேள்வி

யன்னினா ஏரியில் மத்தத்யாவின் படகு கவிழ்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. அவன் மனைவி அன்னெதா சட்டப்படி இன்னும் விதவை இல்லை. ஊசி நூல் விற்கத் தீவுக்குப் போனவன் புயலில் மாட்டிக்கொண்டான். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

"அலை அவனை வேற பக்கம் கரை சேர்த்திருந்தா? உடம்பக் கண்ணால பாத்தவங்க வேணும்மா" என்று யூத நீதிமன்றத் தலைவர் ரபி கலேப் அப்போதே சொல்லிவிட்டார். சாயக்காரன் எலியா அவளைப் பெண் கேட்டு ஆளனுப்பியபோதும் அதே பதில்தான்.

"தீவுல மீன்காரங்க கிட்ட விசாரிக்கட்டுமா?" என்று கேட்டாள் அன்னெதா.

"வேண்டாம். அவங்க யூதரில்லாத வெளியாளுங்க. நாம கேட்டு அவங்க சொன்னா செல்லாது. அவங்களாப் பேச்சுவாக்குல சொன்னாத்தான் செல்லும்."

அன்று முதல் அவள் யாரையும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மறுநாள் ஓய்வுநாளான சப்பாத்துக்கு மீன் வாங்கச் சந்தைக்குப் போனாள். தீவிலிருந்து புதிதாக ஒருத்தி கடை போட்டிருந்தாள். அவளை வசிலோ என்று பக்கத்துக் கடைக்காரி கூப்பிட்டாள்.

"விலாங்கு எடுத்துக்க அக்கா. ஐயோ, உங்க ஆளுங்க தொடமாட்டீங்கல்ல. கெண்டை தரேன்."

"இது கெண்டையா, கெண்டைக்குப் பொறந்த குஞ்சா?"

"பெருசெல்லாம் தீவுக்குப் பின்னால கெடக்கு. என் வீட்டுக்காரன் அங்க வலை போடமாட்டான். முன்ன ஒரு பெரும்புயல் அடிச்சுதே, அதுக்கு மறுநாள் அவன் வலையில நூல்காரன் மத்தத்யா வந்தான். எனக்கு வாராவாரம் நூல் குடுத்தவன், மொகம் தெரியாதா? பாவம், தூங்குற மாதிரி இருந்தான்."

அன்னெதாவின் கையிலிருந்த மீன் நழுவிக் கூடையில் விழுந்தது. எங்கே புதைத்தீர்கள் என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. கேட்டால் எல்லாம் போச்சு. குனிந்து மீனை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தாள்.

"செவுள் வெளுத்திருக்கே" என்றாள்.

"வெளுப்பா? காலையில புடிச்சது. ம், அவனை எங்க கரை மரத்தடியில அடக்கம் பண்ணினோம். ஊர ஆளுற பாஷாவோட ஆளுங்க நீங்கதான் கொன்னீங்கன்னு புடிச்சிட்டுப் போவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. எடுத்துக்கிறியா, இல்லையா?"

எடுத்துக்கொண்டாள். மீனோடு நேராக ஜெபாலயத்துக்குப் போனாள்.

அங்கே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் அவள் சொன்னதைக் கேட்டார்கள். இளையவர் ஷெமர்யா முகம் சுளித்தார். "எலியா காத்துட்டிருக்கான். இந்தம்மா வாய்ச்சொல்லை மட்டும் எப்படி நம்புறது? அந்த மீன்காரிய வரவழைப்போம்."

"வரவழைச்சா அது சாட்சி, வெளியாளு சாட்சி நமக்குச் செல்லாது" என்றார் கலேப். "நம்ம வேதம் தோராவுல ரெண்டு சாட்சி வேணும்னு இருக்கு. போர், புயல்ல செத்தவனுக்கு ரெண்டு பேரு எங்க கிடைப்பாங்க? பொண்ணுங்க காலமெல்லாம் கட்டுண்டு கெடக்கக் கூடாதுன்னு பின்னால வந்த பெரியவங்க ஒருத்தன் போதும்னாங்க. பொம்பளை சொன்னாலும் போதும்னாங்க. அப்புறம் வெளியாளு பேச்சுவாக்குல சொன்னதையும் சேர்த்துக்கிட்டாங்க. பெண்டாட்டி சொல்லையும் நம்பினாங்க. புருஷன் நாளைக்குத் திரும்பி வந்து நின்னா ரெண்டு வீடும் இல்லாமப் போறது அவளுக்குத்தானே. நல்லாத் தெரியாம வருவாளா?"

ஷெமர்யா அன்னெதாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ ஒரு வார்த்தை கூடக் கேக்கலையா?"

"செவுளைப் பத்தி மட்டும் கேட்டேன்."

ஷெமர்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மறுமணம் செய்யலாம் என்ற தீர்ப்பில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான்.

நெடுநாள் கழித்து வந்த சாவுச் செய்தி என்பதால் துக்கத்துக்கு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்தால் போதும் என்றார்கள். அன்னெதா உட்கார்ந்து, அத்தனை வருடமும் அழ முடியாததை அழுதாள். எழுந்து முகம் கழுவியதும் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள்.

"எலியாகிட்ட சரின்னு சொல்லு. ஆனா முதல்ல என் வீட்டுக்காரர நம்ம மயானத்துக்குக் கொண்டு வரணும். படகுக்கு ஆள் வேணும், வருவாரான்னு கேளு."

ஞாயிறு காலை எலியா துடுப்போடு கரையில் நின்றான்.