அறிவிப்பாளருக்குச் சொல் வராத நாட்கள்

கட்டிலில் படுத்தபடி அவர் "ஜன்னல்" என்றார். மனைவி எழுந்து திறந்தாள். இல்லையென்று தலையசைத்தார். மூடினாள். அதற்கும் அதே தலையசைப்பு. வறண்ட உதட்டை அவர் நாக்கால் தடவியபோதுதான், தண்ணீர் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

இருபத்தாறு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவர். எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை நிமிடத் தாமதம் என்று ஓர் எழுத்துப் பிசகாத வாய். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் விழுந்த கையும் காலும் பத்தே நாளில் தேறிவிட்டன. சொற்கள்தான் இடம் மாறிக் கிடந்தன. தன் காதிலேயே தப்பாக விழுவதைக் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

அவள் கணக்கு ஆசிரியை. அவர் தினமும் காலையில் மூச்சை இழுத்து விட்டு, ராகம் போட்டு மந்திரம் சொல்வதைப் பதினைந்து வருடமாகக் கேலி செய்து வந்தவள். "நீங்க மூக்கைப் பிடிச்சுட்டு உக்காந்தா, அடுப்புல பால் பொங்குறதை யாரு பாக்குறது?" என்பாள். ஒருமுறை தலைமை ஆசிரியை பதவி கைநழுவிப் போய், அவள் நாள்கணக்கில் பொருமிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "வாத்தியாரம்மா, மனசு அலையுறது உனக்குத் தெரியுதுல்ல? அப்ப அலையுறது வேற, பாக்குறவ வேற. நீ பாக்குறவ பக்கம் போய் உக்காரு." அதெல்லாம் கணக்குக்கு ஒத்துவராது என்று சிரித்தாள்.

அவர் பேச்சை விட்டபின் ஒரு நாள் காலை, படம் போட்ட பயிற்சி அட்டைகளை அவர் தரையில் விசிறிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மண்டியிட்டுப் பொறுக்கினாள். ஆப்பிள், நாற்காலி, குடை. 'அழுகை வருது. வர்றதை நான் பாக்குறேன்' என்று சொல்லிப் பார்த்தாள். அழுகை நிற்கவில்லை, ஆனால் முன்போல் அவளை இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. வேறு எதுவும் தோன்றாமல், சமையலறைச் சுவர் வழியே கேட்டுப் பழகிய மந்திரத்தைத் தனக்குத் தெரிந்த மாதிரி இழுத்தாள்.

"ஓம் நமசிவாய."

மூன்றாம் முறை, முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. முழுசாக, ஓர் எழுத்துப் பிசகாமல். திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயந்து, கையில் குடை அட்டையோடு அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ராகம் போட்டுச் சொல்றது மூளையில வேற வழியா வரும்மா. அந்த வழி திறந்திருக்கு" என்றாள், மறுநாள் வந்து விஷயத்தைக் கேட்ட பேச்சுப் பயிற்சி தரும் பெண். "ஆனா மாசக்கணக்குல ஆகும். அவசரப்படுத்தாதீங்க."

அவசரப்படுத்தவில்லை. தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் மந்திரம், பிறகு அதே ராகத்தில் "தண்ணி வேணும்", "கால் வலிக்குது". சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வராத நாளில், "பலன் நம்ம கையில இல்ல, உக்கார்றது நம்ம கையில இருக்கு" என்று அவர் சொல்லிவந்ததை அவருக்கே திருப்பிச் சொன்னாள்.

ஏழாவது வாரம் ஒரு காலை, அவள் பாடிக்கொண்டிருக்கும்போது அவர் கையை உயர்த்தினார். புருவம் நெரிந்தது. உதடு இரண்டு தடவை தடுமாறியது.

"ராகம்... தப்பு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "பதினஞ்சு வருஷமா தப்பாத்தான் கேட்டேன் போலிருக்கு. நீங்களே சொல்லிக் குடுங்க."

அவர் சுட்டுவிரலைக் காற்றில் மெல்ல மேலே ஏற்றினார், நிறுத்தினார், இறக்கினார். பள்ளிக்கு நேரமாகியிருந்தது. அவள் பையைத் தோளிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, அந்த விரல் போகும் வழியே தன் குரலை ஏற்றத் தொடங்கினாள்.