டீ ஆறும் வரை

1

இது திருட்டுக் கதை. சலவை நிலையத்தில் என் கோட்டுக்காகக் காத்திருந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன். மிச்சத்தை நானே இட்டுக்கட்டினேன்.

முதலில் எழுதிய வரி: 'கற்றல் குறைபாடுள்ள தங்கையைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்த அக்கா ஒருத்தி...' (அடித்துவிட்டேன். தங்கை உள்ளே வருவதற்குள் குறைபாடு முந்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.)

2

தங்கைக்கு முப்பது வயது. புது வேலை என்றால் ஒவ்வொரு படியாகக் காட்ட வேண்டும். பேச்சு வர நேரமாகும், ஆனால் வரும். அக்காவுக்கு அன்பு நிறைய, பொறுமைதான் கிடையாது.

அந்தச் சலவை நிலையத்தில் தங்கை வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர் கேட்டார்: "உனக்கு என்ன வேலைம்மா பிடிக்கும்?"

"எனக்கு... அந்த..."

"மடிக்கிற வேலை குடுங்க சார். உக்காந்த இடத்துலயே செய்வா, பாவம்," என்றாள் அக்கா.

(அந்தப் 'பாவம்' அவள் சொன்னதா, நான் சேர்த்ததா? தெரியவில்லை.)

3

தங்கை மடித்தாள். படுக்கை விரிப்புகளோடு தலையணை உறைகள் கலந்துபோயின. கடைசியில் மேலாளர், "சரிப்பட்டு வரல, கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அக்காவுக்கு ஆளனுப்பினார்.

வந்தவளிடம் இஸ்திரி போடும் பெண் கேட்டாள்: "ஏன்க்கா, மடிக்கிறது பிடிக்கலன்னு அவ உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"உன்கிட்ட சொன்னாளா?"

"டீ ஆறுற வரைக்கும் நான் வாயத் திறக்கல. சொன்னா."

"வேற என்ன செய்யணுமாம்?"

"அத அவளயே கேளுங்கக்கா."

அக்கா துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில், டாக்டரிடம், சொந்தக்காரர் வீட்டில், எங்குமே தங்கை ஒரு வாக்கியத்தை முடித்ததாக அவளுக்கு ஞாபகம் வரவில்லை. முடித்து வைத்ததெல்லாம் இவள். உதவி என்று நினைத்துத்தான் செய்தாள்.

4

தங்கை துணி வண்டி தள்ளும் வேலை கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். இன்னொன்றில் அருமையாக ஒரு வசனம் பேசி அக்காவை அழவைக்கிறாள். (நீங்களும் அழுதிருப்பீர்கள்.) படித்துப் பார்த்தால் இரண்டிலும் பேசுவது நான். அக்காவைக் குறை சொல்ல வந்தவன் அக்கா செய்ததையே...

5

மேலாளர் அறை. "சார், அன்னிக்குக் கேட்டதையே ஒருதரம் கேளுங்க. அவகிட்ட," என்று அக்கா கெஞ்சியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டார். கடிகாரத்தையும் பார்க்கிறார்.

தங்கை பழக்கப்படி அக்காவைப் பார்க்கிறாள். அக்கா உதட்டைக் கடித்தபடி தரையைப் பார்க்கிறாள்.

"எனக்கு..."

உங்களுக்கு ஒரு சொல் தோன்றியிருக்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். உங்கள் டீயும் ஆறட்டும்.

"எனக்கு... அந்த..."