அரிஸ்தீதெஸின் வலது முழங்கால்

"அந்தப் பெட்டியைத் திறக்காதே" என்று உபால்தினா கைத்தடியைக் கதவுக்குக் குறுக்கே நீட்டினாள்.

தலைநகர் மோந்தெவிதேயோவிலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்த ஆராய்ச்சி டாக்டர் மகேலா, பனிக்கட்டி நிரப்பிய பெட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அறைக்குள் உபால்தினாவின் தம்பி அரிஸ்தீதெஸ் சவப்பெட்டியில் கிடந்தான். முந்தின நாள் மாரடைப்பு. இன்று மாலை அடக்கம்.

"அவரே சொன்னதும்மா. செத்தப்புறமும் ஒருதடவை மூட்டு நீரை எடுத்துக்கோங்க, அக்கா சரின்னா போதும்னார்."

"அக்கா சரிங்கல. உசிரோட இருந்தப்ப ஆராய்ச்சின்னு வருஷா வருஷம் முழங்கால்ல குத்தினது போதாதா?"

அவளுக்கு அந்தச் சோதனையே பிடிக்காது. குடும்பத்தின் அவமானம் தொடங்கியதே ஒரு ஊசியில்தான். அரிஸ்தீதெஸின் இளவயதில் நடந்த கால்பந்து இறுதி ஆட்டம் அது. யாரும் மோதாமலே அவன் திரும்பும்போது விழுந்தான். எழுந்து, தானாக நடந்து மைதானத்தை விட்டு வெளியேறினான். அணி தோற்றது. உடைமாற்றும் அறையில் கிளப் டாக்டர் வீங்கிய முழங்காலில் ஊசி போட்டு நீரை இழுத்து, சிரிஞ்சைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரத்தம் இல்லை. "தெளிவா இருக்கு. ஒண்ணுமில்லை" என்றார். "இருக்கறது பயம்தான்" என்று கேப்டன் வில்மார் சிரித்தான். அன்றிலிருந்து ஊருக்கு அவன் 'தெளிதண்ணி'. கறி வாங்கப் போனால் கசாப்புக் கடையிலும் அதே பெயர்தான். கிளப் இருக்கும் தெருவில் உபால்தினா அதன் பிறகு கால் வைத்ததில்லை.

"அந்த முதல் குப்பி எங்ககிட்ட உறைபெட்டியில இருந்ததும்மா" என்றாள் மகேலா. "அன்னிக்கு எடுத்ததை ஆராய்ச்சிக்குன்னு யாரோ பத்திரப்படுத்தியிருக்காங்க. போன வாரம்தான் அதைச் சோதிச்சோம்."

கைத்தடி சற்றே தாழ்ந்தது.

"என்ன இருந்துது?"

"குருத்தெலும்பு உடைஞ்சா அதோட புரதத் துண்டுங்க மூட்டு நீர்ல கலக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குப்பியில அது குவிஞ்சு கிடக்கும்மா. அன்னிக்கு எந்த ஆசுபத்திரியிலயும் அதை அளக்கறதுக்கு வழியே இல்ல."

"பழைய அடியா இருக்கக் கூடாதா?" அவள் எதையும் இனாமாக வாங்கிக்கொள்கிறவள் இல்லை.

"புதுசா அடிபட்டாத்தான் அவ்வளவு ஏறும். அப்புறம் இறங்கிடும். அவர் பின்னாடி குடுத்த குப்பிகள்ல இறங்கியிருக்கு. அதனாலதான் அவர் வருஷா வருஷம் வந்தது எங்களுக்கு அத்தனை உதவி."

உபால்தினாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. சின்னப் பெண்ணாக ஆற்றில் குதிக்கும் முன்பு அடித்துக்கொண்டதைப் போல.

"உரக்கச் சொல்லு."

"அம்மா?"

"இங்க இல்ல. எல்லார் முன்னாடியும்." முற்றத்தைப் பார்த்துத் திரும்பினாள். ஆண்கள் மாத்தே என்னும் இலைத் தேநீர்க் குடுவையைக் கைமாற்றி உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். கடைசியில், எலுமிச்சை மரத்தடியில், தொப்பியைக் கையில் பிடித்தபடி வில்மார். "வில்மார்! உள்ள வா. எல்லாரும் வாங்க!"

வெந்நீர்ப் பிளாஸ்குகளை அக்குளில் இடுக்கியபடியே வந்து அறையை நிறைத்தார்கள். மகேலா மறுபடி சொன்னாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எலும்பு பேந்து போயா நடந்தான்?"

"நான் அப்பவே நெனச்சேன்!"

"நீ நெனச்சே! கடையில கேலி பண்ணதே நீதான்டா."

"அப்ப தெளிதண்ணி..."

கைத்தடி தரையில் இடித்தது. "அவனுக்குப் பேர் இருக்கு."

"அரிஸ்தீதெஸ்" என்று திருத்திக்கொண்டான் பேசியவன். வெளியே யாரோ போனில் கத்தி யாருக்கோ அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இழவு வீடு என்பதே மறந்துபோயிருந்தது. உபால்தினா அதைக் கண்டிக்கவில்லை.

வில்மார் சவப்பெட்டியையே பார்த்தான். "டாக்டரு கண்ணால பாத்துச் சொன்னாருக்கா."

"நீ வாயால சொன்னே."

உபால்தினா மகேலா பக்கம் திரும்பினாள்.

"தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை போன்ல சொன்னேன். சிரிச்சார். 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவேன், நானே சொல்லிக்கறேன்'னார்."

இன்று ஞாயிறு. அவனுக்காகப் பிசைந்த ரவியோலி மாவு ஈரத்துணிக்குள் குளிர்பெட்டியில் இருந்தது. உபால்தினா முதுகை நிமிர்த்திக்கொண்டு சவப்பெட்டியருகே போனாள். தம்பியின் வலது கால்சராயை, மடிப்புக் கலையாமல், தானே முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டாள்.

"எடு."

மகேலா ஊசியைச் செலுத்தி மெதுவாக இழுத்தாள். இழுத்து முடித்ததும் தொழில் பழக்கத்தில் சிரிஞ்சைச் சன்னல் பக்கம் உயர்த்தினாள். அறையில் இருந்த அத்தனை தலைகளும் அதனோடு உயர்ந்தன.

வில்மார் நோகும் கால்களை இழுத்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "கண்ணால பாத்தது போதும்" என்று சன்னல் திரையை இழுத்து மூடினான்.