அக்கா கதவில் சங்கத்து நோட்டீஸ்

எங்கள் குடியிருப்பில் கதவின் உள்பக்கம் குடியிருப்பவருக்கு, வெளிப்பக்கம் சங்கத்துக்கு. இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தவர் சங்கச் செயலாளர். ஆகவே அக்கா வீட்டுக் கதவில், 'இங்கு தையல் தொழிலுக்கு அனுமதி இல்லை' என்று அவர் நோட்டீஸ் ஒட்டியது தன் சொந்தச் சொத்தில்தான். மரக் கதவு, பச்சைப் பெயிண்ட், காகிதத்தின் முதுகு முழுக்கப் பசை.

"தாராளமா உரிச்சுக்கம்மா. பெயிண்ட்ல ஒரு கீறல் விழுந்தா மட்டும் வீட்டைக் காலி பண்ணணும்," என்றார்.

தைக்கக் கொடுக்க வந்தவர்கள் நோட்டீசைப் படித்துவிட்டுத் துணிப்பையோடு படியிறங்கிப் போனார்கள். அந்த வீட்டில் வேலைக்குப் போவது தையல் மெஷின் மட்டும்தான். மாமா வேலை தேடுகிற வேலையில் இருந்தார்.

மாமா பிளேடு எடுத்து வந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். பிளேடு வந்த வழியே போயிற்று. பசையைக் கரைக்க நான் தின்னர் வாங்கி வந்தேன்.

"முதல்ல உள்பக்க மூலையில தொட்டுப் பாருடா."

துணியைத் தின்னரில் நனைத்துத் தொட்டேன். பச்சை பூராவும் துணிக்கு வந்துவிட்டது.

"படிச்ச பிள்ளை," என்றாள் அக்கா, அனுதாபத்துடன்.

சோப்பு கலந்த வெந்நீரில் நனைத்த துணியைக் காகிதத்தின் மேல் அப்பி வைத்தாள். ஊறியதும் எழுத்தோடு காகிதம் உரிந்தது, பசை உரியவில்லை. தலைமுடி உலர்த்தும் மெஷினை மிதமான சூட்டில் காட்டி, இளகிய இடத்தில் சமையல் எண்ணெய் தடவினாள்.

"உன் காலேஜ் கார்டைக் குடு."

கொடுத்தேன். அதன் விளிம்பால் படுக்கைவாக்கில் தள்ளத் தள்ளப் பசை உருண்டு உருண்டு வந்தது. அந்த அட்டை உருப்படியாகச் செய்த முதல் வேலை அது. கடைசியில் எண்ணெய்ப் பிசுக்குப் போக சோப்புத் தண்ணீரால் துடைத்தாள்.

செயலாளர் டார்ச்சோடு வந்தார். இன்னொரு கையில் பசை டப்பா, கக்கத்தில் அடுத்த நோட்டீஸ். கதவை நோயாளியைப் போலத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. ஆனால் நோட்டீஸ் இருந்த இடம் மட்டும் சதுரமாகப் பளபளத்தது.

"இது மத்த இடத்தோட சேரலையேம்மா. இதுவும் சேதக் கணக்குதான்."

"சேராதது அழுக்கு சார். அது சங்கத்தோடது, அதான் நான் கை வைக்கல."

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவு முழுசாகவே திறந்தது.

"திமிரா பேசாதம்மா. திரும்ப ஒட்டுவேன்."

"ஒட்டுங்க. ஆனா அதே இடத்துல வேண்டாம், மேல ஒட்டுங்க. அப்புறம் கீழ. ஒண்ணொண்ணா உரிச்சு முழுக் கதவையும் ஒரே மாதிரி ஆக்கிக் குடுத்துடறேன்."

செயலாளர் கதவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எத்தனை நோட்டீஸ் பிடிக்கும் என்று மனசுக்குள் அளந்திருக்க வேண்டும். தைக்க வேண்டிய பேன்டோடு ஒருவர் படியில் தயங்கி நின்றார்.

"இங்க தைக்கிறாங்களா, இல்லையா?"

"தைக்கிறேன். சாரைத் தாண்டி வாங்க," என்றாள் அக்கா.