ஆறாத நாற்காலிகள்

நாற்காலிக் கடைக்காரர் இறந்த மறுவாரத்திலிருந்து, அவர் ஓட்டல்களுக்குச் சப்ளை செய்திருந்த நாற்காலிகள் எல்லாம் சூடாகவே இருந்தன. கொதிக்கிற சூடு இல்லை. கனத்த மனிதர் ஒருவர் அப்போதுதான் எழுந்து கை கழுவப் போனால் இருக்கையில் மிஞ்சுமே, அந்தச் சூடு. சாப்பிட வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆள் இருக்கிறது போல என்று அடுத்த மேசைக்குப் போனார்கள். அங்கேயும் ஆள் இருந்தது. ஊரின் பெரிய ஓட்டலில் மத்தியானக் கூட்டம் மொத்தமும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, காலி நாற்காலிகளுக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றபடி சாப்பிட்டது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடோனிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு நாற்காலியிலும் கடைக்காரர் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துத்தான் அனுப்புவார். முன்னால் சாய்வார், பின்னால் சாய்வார், இடுப்பை ஒரு குலுக்குக் குலுக்குவார், டீயை ஒரு வாய் குடித்துவிட்டு "ம்" என்பார். அந்த "ம்" வராமல் எதுவும் வண்டியில் ஏறாது.

விஷயம் காதில் விழுந்ததும் அவர் மனைவி முதலில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் இரண்டு நாற்காலிகளைத்தான் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் சில்லென்று கிடந்தன. ஏதோ ஓட்டல் பழசாகிவிட்டதென்று திருப்பிய சரக்கு அவை. ஒன்றுக்குக் கால் ஆடும், மற்றதற்கு முதுகே இல்லை. நல்லதாக இரண்டு போடுங்கள் என்று அவள் கேட்டபோதெல்லாம், "வீட்டுக்குத்தானே, மெதுவா பாக்கலாம்" என்று நின்றவாக்கிலேயே சாப்பிட்டுவிட்டுக் குடோனுக்கு ஓடியவர் அவர். இப்போது ஊர் முழுக்கச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார், வீட்டில் உட்கார மட்டும் நேரமில்லை. அழுது ஓய்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. எப்படியாவது மனுஷனை வீட்டுக்கு வரவழைத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

பெரிய ஓட்டல் முதலாளி போன் செய்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு. எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடட்டுமா?"

"இப்போதைக்கு ஒண்ணே ஒண்ண அனுப்புங்க."

வந்த நாற்காலி வாசல்வரை சூடாக இருந்தது. நிலைப்படி தாண்டியதும் ஆறிவிட்டது. வெளியே எடுத்தால் சூடு, உள்ளே வைத்தால் சில்லிப்பு. சாயங்காலம்வரை அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் அலைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அடுத்தவர் காசு கொடுத்து வாங்கிய சரக்கை வீட்டில் போட்டு உட்காருகிற பழக்கம் அந்த மனிதருக்கு என்றைக்குமே இல்லை.

கடையை இப்போது பார்த்துக்கொள்ளும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு நாற்காலி ஆர்டர்."

"எந்த ஓட்டலுக்குக்கா?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குத்தானே, மெதுவா..."

"டேய், நீயுமாடா? குடோன்ல வரிசையில வை. பக்கத்துல டீ வை. மாமா சொன்னாத்தான் வண்டியில ஏத்தணும்."

தம்பி அப்படியே செய்தான். டீ ஒரு வாய் குறைந்தது, ஆனால் "ம்" வரவில்லை. குனிந்து பார்த்தால், ஒரு காலில் திருகாணி தளர்ந்திருந்தது. "மன்னிச்சிருங்க மாமா" என்று இறுக்கினான். பிறகு வந்தது.

வீட்டில் இறக்கியபோது ஒன்று சூடாக இருந்தது, மற்றது சில்லென்று இருந்தது. அதில் உட்கார்ந்து பார்க்க மறந்துவிட்டாரோ என்று ஒரு கணம் திகைத்தாள். பிறகு, அது தனக்காக விட்டது என்று புரிந்து, எதிரே உட்கார்ந்தாள். "இவ்வளவு லேட்டா டெலிவரி பண்ணா எந்த ஓட்டல்காரன் சும்மா இருப்பான்?" என்று ஆரம்பித்து, கல்யாணமான நாளிலிருந்து பாக்கியிருந்த அத்தனையையும் சொல்லி முடித்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஓட்டல் முதலாளி மறுபடியும் கூப்பிட்டார். "அம்மா, இடுப்புவலிக்காரங்க சில பேரு துணிஞ்சு உக்காந்து பாத்துட்டு, சொகமா இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. இன்னைக்குக் கூட்டம் அள்ளுது, ஆனா நாற்காலி ஒண்ணுலயும் சூடு இல்ல. அவரக் கொஞ்சம் அனுப்பி வைங்களேன்!"

அவள் எதிர் நாற்காலியைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டு வருவாரு" என்றாள்.

அன்று முதல் அந்த ஊர் ஓட்டல்களில் மத்தியானம் நாற்காலிகள் சூடாக இருக்கும். விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஆறிவிடும். சாயங்காலம் வருகிற இடுப்புவலிக்காரர் யாராவது இருக்கையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தால், சர்வர் மேசையைத் துடைத்தபடியே சொல்வார்: "அவரு வீட்டுக்குப் போயிட்டாரு சார். நாளைக்கு மத்தியானமா வாங்க."