மஞ்சள் காலர்

நாச்சிமுத்துவுக்குக் கடவுள் பயம் உண்டு, சம்சாரத்திடம் பயம் உண்டு. ஆனால் அவருக்கு உள்ளங்கை வியர்ப்பது ஆடிட்டுக்கு மட்டும்தான். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர், தொழிலாளர்களை நடத்தும் விதத்தைச் சோதிக்க அனுப்பும் ஆள் அவருடைய திருப்பூர் நல்லூர் பனியன் கம்பெனிக்கு வருகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும். கழிவறையில் புது சோப்பு வந்துவிடும். தீயணைப்புக் கருவிகள் பளபளக்கும். 'இங்கு யாரிடமும் பாகுபாடு காட்டுவதில்லை' என்ற போர்டு தமிழிலும் இந்தியிலும் தூசி தட்டப்பட்டுச் சுவரில் நிமிர்ந்து நிற்கும். இத்தனையையும் செய்வது அவர் அல்ல, கோமளா. கம்பெனியில் விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் அவள்தான்.

நிஜ ஆடிட்டுக்கு முன்னால் ஒத்திகை ஒன்று நடக்கும். மாக் ஆடிட் என்பார்கள். அன்றைக்குக் கோமளா சிவப்பு நாடா கோத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். அது கழுத்தில் இருக்கும்வரை அவள்தான் ஆடிட்டர். முதலாளியே ஆனாலும் அவளை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. இந்த விதியைப் போட்டவர் நாச்சிமுத்துவேதான். ஒரு தடவை நிஜ ஆடிட்டரிடம் முறுக்கிக்கொண்டு நல்லதொரு ஆர்டரைக் கோட்டைவிட்ட பிறகு வந்த ஞானம் அது.

கோமளா ஒத்திகைக்கும் ஒத்திகை பார்ப்பாள், வீட்டில். மகள் மோனிஷாதான் தொழிலாளி. "உங்க பேர் என்ன?" என்று கோமளா குரலைக் கனமாக்கிக் கேட்டால், மோனிஷா கையைக் கட்டிக்கொண்டு, "மோனிஷா, செக்கிங் செக்‌ஷன், மேடம்" என்பாள். சோமனூரில் தறி ஓட்டிவிட்டு வரும் அப்பா முருகேஷ் இதைப் பார்த்துச் சிரித்தால், கோமளா அவரையும் பிடித்து அயர்னிங் செக்‌ஷனில் போட்டுவிடுவாள்.

அந்த மோனிஷா கொஞ்ச நாளாகப் பள்ளிக்கூடம் என்றாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். விடுமுறை நாளில் வலிக்காத வயிறு அது. காரணம் கோமளாவுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பள்ளிக்கூடமும் நாச்சிமுத்துவுடையது.

தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் நாலில் ஒரு இடத்தை இல்லாதவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். நாச்சிமுத்து முதலில் புலம்பினார். பிறகு அதையே பெருமையாக்கிக்கொண்டார். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் "நான் படிக்க வெக்கற குழந்தைங்க" என்று பேச ஆரம்பித்தார். மனுசர் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு டி-ஷர்ட்டையும் தம் கம்பெனியிலேயே இலவசமாகத் தைத்துக் கொடுத்தார். மற்றவர்களுக்கு நீலக் காலர். இவர்களுக்கு, ஏதோ ஒரு ஆர்டரில் மீந்துபோன மஞ்சள் காலர். பனியன்காரர் புத்தி, ஒரு சாய லாட்டை இன்னொரு லாட்டோடு கலக்கவிடாது. மேலுக்கு அவர் ஒரு நியாயமும் வைத்திருந்தார். காலரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், யாரும் அந்தக் குழந்தைகளிடம் ஃபீஸ் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்பார்.

ஃபீஸ் யாரும் கேட்கவில்லைதான். பேரையும் யாரும் கேட்கவில்லை. "மஞ்சக் காலரெல்லாம் பின்னாடி சீட்டு" என்றார் வேன் ஆயா. "மஞ்சக் காலரெல்லாம் கடைசி வரிசை" என்றார் டான்ஸ் மாஸ்டர். அந்த இலவச இடத்துக்கான குலுக்கலில் மோனிஷா பேர் வந்த அன்றைக்குத் தெருவுக்கே மிட்டாய் கொடுத்த கோமளா, இப்போது அந்தக் காலரைத் துவைக்கும்போதெல்லாம் சாயம் போகட்டும் என்றே அடித்துத் துவைத்தாள். ஏற்றுமதித் தரச் சாயம், அது எங்கே போகும். கம்பெனியில் இதைப் பற்றி வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, மகள் அங்கே படிப்பதையே அவள் யாரிடமும் சொல்லவில்லை. முருகேஷ்தான் வேனில் ஏற்றிவிடுவார், இறக்கிக் கூட்டிவருவார்.

அப்போதுதான் நாச்சிமுத்து தாமாகப் போய் ஒரு வம்பை விலைக்கு வாங்கினார். பையரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி அளந்துவிட, அந்த வெள்ளைக்காரர் அடுத்த வருகையில் பள்ளியையும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

"அம்மிணி, பள்ளிக்கூடத்துலயும் ஒரு மாக் ஆடிட் போட்டுரு" என்றார் கோமளாவிடம். "எல்லாத்தையும் கேளு. என்னையும் உடாதே."

கோமளா சரிங்க என்றாள். அன்றிரவு வீட்டில் ஒத்திகை நடக்கவில்லை.

பள்ளியில் குடிதண்ணீர் பார்த்தாள், படிக்கட்டுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். அடுத்தது நேர்காணல். முதல்வர் ஜெயபாரதி இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர், சுறுசுறுப்பு அதிகம். யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்து வைத்திருந்தார்.

"இந்தப் பாப்பா நல்லாப் பேசுமுங்க மேடம். உங்க கம்பெனியில லேபருக்குச் சொல்லிக் குடுப்பீங்களாமே, அதே மாதிரி பழக்கியிருக்கறேன்" என்று முன்னால் தள்ளிவிட்டார்.

மோனிஷா.

அம்மாவைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. உடனே சிவப்பு நாடாவையும் பார்த்துவிட்டாள். இது அந்த விளையாட்டு என்று புரிந்துபோயிற்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைக் கட்டி நின்றாள். கோமளா ஆடிட்டர் குரலிலேயே கேட்டாள்.

"உங்க பேர் என்ன?"

"மஞ்சக் காலர், யூகேஜி பி, மேடம்."

"இங்க எல்லாரையும் எப்படி நடத்தறாங்க?"

"எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தறாங்க, மேடம்."

சொல்லிக் கொடுத்த பாடம், ஒரு எழுத்து பிசகவில்லை. கம்பெனியில் எத்தனை பேருக்குத் தான் இதே வரியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது கோமளாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வாசல் பக்கம் நின்ற நாச்சிமுத்துவோ, குழந்தை அசராமல் பதில் சொன்னதில் பூரித்துப்போயிருந்தார்.

ஆடிட் முடிவில் குளோசிங் மீட்டிங் நடக்க வேண்டும். முதல்வர் அறையில் நாச்சிமுத்து கைகட்டி உட்கார்ந்தார்.

"அந்தக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் மஞ்சக் காலர்?" என்றாள் கோமளா.

"அடையாளத்துக்குங்க மேடம்."

"யாருக்கு அடையாளம்?"

"இலவசமாத்தான தர்றனுங்க. லாட்டைக் கலந்தா கலர் மாறி ஷேடு அடிச்சுப் போயிருமுங்க."

"துணிக்கு ஷேடு அடிக்கும். குழந்தைக்கு என்னங்க அடிக்கும்? படிப்பை நீங்க தர்லீங்க. அது அந்தக் குழந்தைங்களோட உரிமைன்னு அரசியல் சாசனத்துலயே இருக்குது. சேத்துக்கிட்ட புள்ளைங்களைத் தனியாப் பிரிக்கக் கூடாதுன்னு சட்டமும் இருக்குது. நீங்க தர்றது காலர் மட்டுந்தாங்க."

ஜெயபாரதி மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவின் முகம் சிவந்தது. ஆனால் விதி விதிதான், கோபப்படக் கூடாது. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அந்தப் பாப்பா பேரு நெசமா என்னங்க மேடம்?" என்றார் கடைசியில்.

கோமளா நாடாவைத் தலைவழியாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இதை ஆடிட்டராகச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"மோனிஷாங்க. என் பொண்ணுங்க."

நாச்சிமுத்து நாடாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரே வார்த்தையில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இப்போது அவள் ஆடிட்டர் இல்லை.

"எதுக்கு அதைக் கழட்டுனே?" என்றார் மெதுவாக. "மீட்டிங் முடியலயே. மாட்டு அம்மிணி." அவரே எடுத்து நீட்டினார். அவள் மாட்டிக்கொண்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி பண்றதுக்கு எவ்வளவு டைமுங்க மேடம் தருவீங்க?"

"திங்கக்கிழமை வரைக்குந்தாங்க" என்றாள் கோமளா. அழுகை வந்ததை ஆடிட்டர் குரல் மறைத்துக்கொண்டது.

மனுசர் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். புதுக் காலர் பின்னக் காசு செலவழிக்க அவருக்கு மனசு வரவில்லை. ரத்தான ஆர்டர் ஒன்றின் பச்சைக் காலர் குடோனில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதைப் பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் தைத்துத் தள்ளிவிட்டார். ஃபீஸ் கட்டும் பெற்றோர் வந்து, "ஏனுங்க, நல்லா இருந்த நீலக் காலரை மாத்திப்போட்டீங்க?" என்று கேட்டதற்கு, "பையர் ரிக்கொயர்மென்டுங்க" என்றார். திருப்பூரில் அந்தப் பதிலுக்கு மேல் கேள்வி கிடையாது. மேடைகளில் இது தம்முடைய யோசனை என்று இப்போது பேசிவருகிறார். கோமளா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறாள்.

அந்தத் திங்கட்கிழமை மோனிஷாவைக் கோமளாவே வேனில் ஏற்றிவிடப் போனாள். குழந்தை பச்சைக் காலரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இனி ஆயா என்னை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றாள். நிஜமான கவலை.

வேன் வந்து நின்றது. ஆயா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மஞ்சளைத் தேடினார், நீலத்தைத் தேடினார், இரண்டும் இல்லாமல் திகைத்தார். வேறு வழியில்லாமல் குனிந்து, "கண்ணு, உம் பேரு என்ன?" என்று கேட்டார்.

மோனிஷா ஒரு தரம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"மோனிஷா, யூகேஜி பி, மேடம்."