437-க்கான பக்கம்

1

இந்தக் கதை ஓர் உவமையிலிருந்து பிறந்தது. எண் களஞ்சியம் தொகுக்கும் அலுவலகத்தில் ஒருத்தி 437-க்கான பக்கத்தை எழுதுகிறாள். 437 பகா எண். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் வகுபடாது. அவளும் அப்படித்தான், தனிக்கட்டை. எனக்கே பிடித்துப்போயிற்று. தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

"அண்ணா, பத்தொம்போதால வகுத்துப் பாத்தியா?"

வகுத்தேன். இருபத்து மூன்று. மீதி இல்லை.

"உவமை போச்சு" என்றேன்.

"உவமை கெடக்குது. அந்தப் பொண்ணு வேலை என்னாகும்?"

அதை நான் யோசிக்கவில்லை. மூன்று தவறு செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். விறுவிறுப்புக்காக. அவளுக்கு இரண்டு முடிந்திருந்தது. அதுவும் விறுவிறுப்புக்காகத்தான்.

2

ஜன்னல் வழியே வெயில் அவள் மேசைமீது

(வேண்டாம். அவள் ஜன்னலையே பார்க்கவில்லை.)

சுவரில் வகுஎண் அட்டை. அதன்படி சோதித்தாள்: 2, 3, 5, 7, 11, 13, 17. எதற்கும் மீதியில்லாமல் போகவில்லை. கடைசி வரி 19. அதை மறைத்தபடி நாள்காட்டி தொங்கியது. 'பகா எண்' என்று எழுதினாள்.

(நாள்காட்டியை அங்கே மாட்டியவன் நான். பழியைப் போட ஓர் ஆணி தேவைப்பட்டது.)

மற்றவை சரி. இலக்கங்களின் வர்க்கங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டினாலும் ஒன்றில் முடியாது. ஆகவே மகிழ்ச்சியற்ற எண். இருமத்தில், அதாவது 0, 1 மட்டும் கொண்டு, எழுதினால் ஆறு ஒன்றுகள், இரட்டைப்படை. ஆகவே தீய எண். இந்த வசவுகளெல்லாம் கணிதக்காரர்கள் வைத்தவை. என்னைத் திட்டாதீர்கள்.

கையொப்பமிட்டாள். கையொப்பம் விழுந்த தாளை அங்கே வேறு யாரும் சோதிப்பதில்லை. நேரே அச்சுக்கு.

பிறகு மாதத்தாளைக் கிழிக்க நாள்காட்டியைக் கழற்றினாள்.

3

அச்சுக்கூடத்துக்குப் படியிறங்கி ஓடினாள்.

"அண்ணே, நானூத்தி முப்பத்தேழு ஓடிடுச்சா?"

"ஏத்தி வச்சிருக்கேன். அதுக்கென்ன இப்போ?" என்றார் அச்சுக்காரர்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி மூச்சு வாங்குது?"

"நிறுத்த முடியுமா?"

"பேஷா. தப்புன்னு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடு. ஆனா சீட்டு மேல போகும், தெரியுமில்ல?"

"எழுதலைன்னா?"

"ஓடும். யாரு உக்காந்து வகுக்கப் போறாங்க? ஆனா பொஸ்தகம் நம்மளைவிட ரொம்ப நாள் இருக்கும் தாயி."

அவள் பேனாவை எடுத்தாள்.

4

இங்கே மூன்று நாளாக நிற்கிறேன்.

முடிவு ஒன்று: எழுதுகிறாள். வேலை போகிறது. வாசகர் உச்சுக்கொட்டுவார். எனக்கு எரிச்சல்.

முடிவு இரண்டு: எழுதவில்லை. பொய் அச்சேறுகிறது. தங்கை என்னோடு பேசமாட்டாள்.

முடிவு மூன்று: 437-ஐ அடித்து 439 ஆக்குகிறேன். அது அசல் பகா எண்; பத்தொன்பதாலும் வகுத்துவிட்டேன். இவள் தப்பித்தாள். ஆனால் 437 இல்லாமல் களஞ்சியம் ஏது? அந்தப் பக்கம் அடுத்த மேசைக்குப் போகும். அந்த மேசைக்காரிக்கும் இதே அட்டை, இதே நாள்காட்டி.

"தப்புப் பண்ணது நீ. சீட்டை நீ எழுது" என்கிறாள் தங்கை.

எழுதிவிட்டேன்: 437 = 19 × 23. பகு எண்.

அச்சுக்காரர் வாங்க மறுக்கிறார். "கையெழுத்து இல்லாம செல்லாது. நீங்க இங்க வேலை பாக்கறவரும் இல்ல."

கையொப்பக் கோடு காலியாக இருக்கிறது. அவளைப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் பத்தியில் 437 பகா எண் என்றேனே, அப்போது நீங்கள் வகுத்துப் பார்த்தீர்களா?

இந்தாருங்கள் பேனா.